ஸ்டீல் கிடார் ஆம்ப்ளிஃபயருக்கு மாற்று ஸ்பீக்கர்: கேட்டு விற்க வேண்டிய சரக்கு

சரக்கறிவு பற்றி எழுதும்போது பருப்பு, எண்ணெய், நூல், இரும்பு என்று அன்றாடம் அதிகமாகப் புரளும் சரக்குகளைப் பற்றி எழுதுவதே வழக்கம். இம்முறை, ஆண்டுக்கு ஒன்று விற்றாலே அதிகம் என்று சொல்லத்தக்க ஒரு சரக்கைப் பற்றி எழுதுகிறோம். ஸ்டீல் கிடார் என்ற வாத்தியத்தின் ஆம்ப்ளிஃபயரில் ஸ்பீக்கர் பழுதாகிவிட்டால், அதற்கு மாற்று ஸ்பீக்கரை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதே பொருள். மளிகை, ஜவுளி வியாபாரம் செய்யும் அன்பர்கள் "இது நமக்கு எதற்கு?" என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். அளவெல்லாம் சரியாக இருந்தும் சரக்கு தவறாகப் போவது எப்படி என்பதை எங்களுக்குக் கற்றுக் கொடுத்தது இந்த ஒரு ஸ்பீக்கர்தான். அந்தப் பாடம் எல்லாக் கடைக்கும் பொருந்தும்.

நடந்தது இதுதான்

நாங்கள் ரேடியோ உதிரி பாகங்கள், ஒலிபெருக்கி, ஸ்பீக்கர் மொத்த வியாபாரத்தில் நாற்பது ஆண்டுகளாக இருக்கிறோம். 2009ஆம் ஆண்டு நவம்பர் மாதம், தூத்துக்குடிப் பக்கம் கடை வைத்திருக்கும் எங்கள் நீண்ட நாள் வாடிக்கையாளர் ஒருவர் போன் செய்தார்.

"அண்ணாச்சி, 15 அங்குல ஸ்பீக்கர் ஒண்ணு வேணும். 4 ஓம். 300 வாட்டுக்குக் குறையக் கூடாது. கிறிஸ்துமஸுக்கு முன்னால வேணுமாம், அவசரம்."

"நாளைக்கே பார்சல் போட்டுடறோம் தம்பி" என்றோம்.

எதற்கு என்று நாங்கள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. குடோனில் 15 அங்குலத்தில் நாலைந்து வகை இருந்தன. அவற்றில் 4 ஓம் என்று போட்டிருந்தது ஒன்றுதான். பெட்டியின் மேல் 400 வாட் என்றும் இருந்தது. கேட்டதற்கு மேலேயே கொடுக்கிறோம் என்ற திருப்தியோடு அனுப்பி வைத்தோம். அது கார் டிக்கியில் பொருத்தும் சப்-ஊஃபர்.

அதை வாங்கியவர் ஹவாயன் கிடார் வாசிக்கும் ஒரு பெரியவர். தேவாலய ஆராதனைகளிலும் திருமண வரவேற்புகளிலும் வாசித்து வரும் வருமானத்தில்தான் அவர் குடும்பம் நடந்தது. கப்பலில் வேலை பார்த்த அவருடைய தம்பி பல ஆண்டுகளுக்கு முன் வாங்கி வந்து கொடுத்த அமெரிக்க ஆம்ப்ளிஃபயர் அவரிடம் இருந்தது. அதன் ஸ்பீக்கர் காயில் கருகிவிட்டது. டிசம்பர் மாதம்தான் அவருக்கு அறுவடைக் காலம். புதிய ஸ்பீக்கரை மாட்டி வாசித்தால், கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயிருந்து பேசுவது போல ஒலி வந்ததாம். சத்தத்தைக் கூட்டக் கூட்ட ஆம்ப்ளிஃபயர்தான் சூடானதே தவிர, பாட்டு மண்டபத்தின் பின்வரிசைக்குப் போகவில்லை. மூன்று நிகழ்ச்சிகளுக்கு வாங்கிய முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்.

டிசம்பர் 23ஆம் தேதி கடைக்கு வந்து கேட்டபோது, நம் சில்லறை வியாபாரி பில்லின் அடியில் இருந்த "விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது" என்ற வரியைக் காட்டியிருக்கிறார். "15 அங்குலம், 4 ஓம், வாட் அதிகம். நீங்க கேட்டதுதானே கொடுத்திருக்கு?" என்றும் சொல்லியிருக்கிறார். அவர் சொன்னதில் பொய் இல்லை. பெட்டியில் அச்சிட்டிருந்ததிலும் பொய் இல்லை. எண்கள் எல்லாம் சரி, சரக்குதான் தவறு.

ஜனவரியில் வசூலுக்குப் போனபோதுதான் எங்களுக்கு விஷயம் தெரிந்தது. பெரியவர் வீட்டுக்கே போய்ப் பார்த்தோம். அவர் கோபப்படவில்லை. "ஸ்பீக்கர் நல்ல ஸ்பீக்கர்தாங்க. என் வாத்தியத்துக்குத்தான் ஒத்து வரலை" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் கூட அவ்வளவு உறைத்திருக்காது. நாற்பது ஆண்டு ஸ்பீக்கர் விற்ற நமக்கு, அந்த வாத்தியத்துக்கு எது ஒத்து வரும் என்று தெரியவில்லையே என்ற எண்ணம்தான் இதைக் கற்றுக்கொள்ள வைத்தது. கற்றதைக் கீழே தருகிறோம்.

ஸ்டீல் கிடார் என்றால் என்ன?

சாதாரண கிடாரில் தந்தியை விரலால் அழுத்தி வாசிப்பார்கள். ஸ்டீல் கிடாரில் வாத்தியத்தைப் படுக்க வைத்து, இடது கையில் பிடித்த எஃகுத் துண்டைத் தந்திகளின் மேல் வழுக்கிக்கொண்டு போய் வாசிப்பார்கள். கமகம் போல ஒலி இழைந்து வருவது அதனால்தான். இந்த முறை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹவாய்த் தீவுகளில் தோன்றியது. அதைக் கண்டுபிடித்தவராக ஜோசப் கெகுகு என்ற ஹவாய்க்காரரைச் சொல்கிறார்கள். 1915இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் நடந்த உலகப் பொருட்காட்சிக்குப் பிறகு அமெரிக்கா முழுவதும் ஹவாய் இசை மோகம் பரவியது. 1930களின் தொடக்கத்தில் ரிக்கன்பேக்கர் நிறுவனம் செய்து விற்ற, வாணலி போன்ற வடிவமுள்ள மின்சாரக் கிடாரும் ஸ்டீல் கிடார்தான். மின்சாரக் கிடார் வியாபாரம் தொடங்கியதே இந்த வாத்தியத்தில்தான் என்று சொல்லலாம்.

நம் நாட்டுக்கும் இதற்கும் பழைய தொடர்பு உண்டு. டாவ் மோ என்ற ஹவாய் இசைக் கலைஞர் 1940களில் குடும்பத்தோடு கல்கத்தாவில் தங்கி வாசித்தும் கற்றுக் கொடுத்தும் வந்தார். வங்காளத்திலும் இந்தித் திரை இசையிலும் இந்த வாத்தியம் வேரூன்றியது. நம் ஊர் மெல்லிசைக் குழுக்களிலும் தேவாலயங்களிலும் ஹவாயன் கிடார் என்ற பெயரில் வாசித்தவர்கள் உண்டு.

அமெரிக்காவில் இது கால் வைத்த மேஜை போல வளர்ந்து, கால் பெடல்களும் முழங்கால் நெம்புகோல்களும் சேர்ந்த பெடல் ஸ்டீல் கிடார் ஆனது. நாஷ்வில் நகரத்து நாட்டுப்புற இசைக்கு இது உயிர்நாடி. இந்த வாத்தியத்துக்கென்றே அங்கே ஆம்ப்ளிஃபயர்கள் செய்தார்கள். பீவி நிறுவனத்தின் செஷன் 400, நாஷ்வில் 400 ஆகியவை பெயர் பெற்றவை. சுமார் 200 வாட் திறனும் ஒரே ஒரு 15 அங்குல ஸ்பீக்கரும் கொண்டவை. அதற்கு முன்பிருந்தே ஃபெண்டர் நிறுவனத்தின் ட்வின் ரிவெர்ப் என்ற வால்வு ஆம்ப்ளிஃபயரும் வழக்கத்தில் இருந்தது. அதில் 12 அங்குல ஸ்பீக்கர் இரண்டு.

ஸ்பீக்கரிடம் இந்த வாத்தியம் கேட்பது என்ன?

முதலாவது, கலப்படமில்லாத ஒலி. ராக் இசை வாசிக்கும் கிடார்காரர் ஸ்பீக்கர் கொஞ்சம் கரகரப்பதையே விரும்புவார். அவருக்கென்று செய்யும் ஸ்பீக்கரில் கோன் மெல்லியதாக இருக்கும். சத்தம் கூடும்போது அந்தக் கோனே ஒலிக்கு ஒரு காரம் சேர்க்கும். ஸ்டீல் கிடாருக்கு அந்தக் காரம் ஆகாது. தந்தியில் என்ன பிறந்ததோ அது அப்படியே வெளியே வர வேண்டும். அத்துடன், சாதாரண கிடார் ஸ்பீக்கர்களில் காதைக் குத்தும் மேல் ஒலியைத் தூக்கிக் காட்டும்படி செய்திருப்பார்கள். எஃகு உருளும் வாத்தியத்தில் அது கிறீச்சென்று கேட்கும்.

இரண்டாவது, கையிருப்பு. ஸ்டீல் கிடார் வாசிப்பவர் காலடியில் ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் பெடல் ஒன்று இருக்கும். தந்தியை மீட்டும்போது பெடலைப் பாதி மூடி வைத்திருப்பார். தந்தியின் ஒலி தேயத் தேயப் பெடலை மெல்லத் திறந்துகொண்டே போவார். அதனால்தான் ஒலி தேயாமல் நீண்டு நிற்கிறது. இதற்கு ஆம்ப்ளிஃபயரிலும் ஸ்பீக்கரிலும் எப்போதும் உபரி சக்தி வேண்டும். நாம் அவசரத் தேவைக்குக் கல்லாவில் ஒரு தொகை வைத்திருப்பது போலத்தான்.

மூன்றாவது, விரிந்த ஒலி எல்லை. 10 தந்திப் பெடல் ஸ்டீலில் ஈ9 என்ற சுருதி அமைப்பில் கீழ்த் தந்தி நொடிக்குச் சுமார் 123 முறை அதிரும். சி6 என்ற அமைப்பில் அது சுமார் 65 வரை இறங்கும். மேலே, எஃகுத் துண்டை வாத்தியத்தின் கோடி வரை தள்ளி வாசித்தால் 1,600க்கு மேலும் போகும். அதன் சாயல் ஒலிகள் இன்னும் பல மடங்கு மேலே. இவ்வளவையும் பெரும்பாலும் ஒரே ஸ்பீக்கர் தாங்க வேண்டும், தனி ட்வீட்டர் கிடையாது. கார் சப்-ஊஃபரோ முதல் ஒன்றிரண்டு நூறு அதிர்வுகளுக்காகவே செய்யப்பட்டது. கனத்த கோன், நீண்ட ஆட்டம், அடைத்த பெட்டி ஆகியவைதான் அதற்குப் பழக்கம். பின்புறம் திறந்த கிடார் ஆம்ப்ளிஃபயரில் அதை மாட்டுவது, எண்ணெய்ச் செக்கில் மாவரைக்கப் பார்ப்பது போன்றது.

பெட்டியின் மேல் பார்க்க வேண்டியவை

1. ஓம். டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயரில் குறைந்தபட்சம் இத்தனை ஓம் என்று பின்பக்கம் எழுதியிருக்கும். அதற்குக் கீழே போகவே கூடாது. போனால் அவுட்புட் டிரான்சிஸ்டர்கள் எரியும். அதற்கு மேலே போனால் ஆபத்தில்லை, சக்தி மட்டும் குறையும். 4 ஓமுக்கு 200 வாட் கொடுப்பது 8 ஓமுக்குச் சுமார் 115 வாட் கொடுக்கும். வால்வு ஆம்ப்ளிஃபயரில் கதை வேறு. அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் எத்தனை ஓமுக்குச் சுற்றப்பட்டதோ அத்தனை ஓமே கொடுக்க வேண்டும். ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு அதை ஓட்டிப் பார்க்கவும் கூடாது. ட்வின் ரிவெர்ப்பில் 8 ஓம் ஸ்பீக்கர் இரண்டு இணையாகச் சேர்ந்து 4 ஓம் ஆகின்றன. ஆகவே அதில் ஒன்று போனால் கொடுக்க வேண்டியது 8 ஓம்தான், 4 ஓம் அல்ல.

லேபிள் கிழிந்த பழைய ஸ்பீக்கர் வந்தால் மல்ட்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். 4 ஓம் ஸ்பீக்கர் சுமார் 3 முதல் 3.5 வரை காட்டும். 8 ஓம் ஸ்பீக்கர் சுமார் 5.5 முதல் 7 வரை காட்டும். 16 ஓம் என்றால் 11, 12க்கு மேல் காட்டும். மீட்டரில் 6 என்று பார்த்துவிட்டு "இது 6 ஓம் ஸ்பீக்கர்" என்று பில் எழுதிவிடக் கூடாது.

2. வாட். 1990களில் சிறிய டேப் ரெக்கார்டர் பெட்டியில் 1,000 வாட் பி.எம்.பி.ஓ. என்று அச்சிட்டு விற்றது நினைவிருக்கும். அந்த எண்ணுக்கு வியாபாரத்தில் மதிப்பில்லை. ஆர்.எம்.எஸ். என்று, அதாவது தொடர்ந்து தாங்கும் அளவு என்று போட்டிருப்பதை மட்டும் பாருங்கள். ஆம்ப்ளிஃபயர் கொடுக்கும் அளவைப் போல ஒன்றரை மடங்கு தாங்கும் ஸ்பீக்கர் இருந்தால் நிம்மதி. வாட் என்பது ஸ்பீக்கர் எவ்வளவு தாங்கும் என்று சொல்கிறதே தவிர, எவ்வளவு சத்தம் தரும் என்று சொல்வதில்லை. நாங்கள் சறுக்கியது இந்த இடத்தில்தான்.

3. டெசிபல். பெட்டிக்குள் இருக்கும் விவரத்தாளில், ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி அளந்தால் இத்தனை டெசிபல் என்று ஓர் எண் இருக்கும். நம்மில் பெரும்பாலோர் பார்க்காத எண் இதுவே. மூன்று டெசிபல் குறைந்தால், அதே சத்தத்துக்கு இரண்டு மடங்கு வாட் வேண்டும். பத்து டெசிபல் குறைந்தால் பத்து மடங்கு வேண்டும், காதுக்கும் சத்தம் பாதியாகத் தெரியும். ஸ்டீல் கிடார் ஆம்ப்ளிஃபயரில் வரும் நல்ல 15 அங்குல ஸ்பீக்கர் சுமார் 100 டெசிபல் இருக்கும். நாங்கள் அனுப்பிய சப்-ஊஃபரின் தாளைப் பிறகு எடுத்துப் பார்த்தோம். 87 என்று இருந்தது. வித்தியாசம் 13 டெசிபல், அதாவது இருபது மடங்கு. பெரியவரின் 200 வாட் ஆம்ப்ளிஃபயரைப் பத்து வாட் ஆம்ப்ளிஃபயராக்கி அனுப்பியிருக்கிறோம். 400 வாட் என்ற எண்ணைப் பார்த்து மகிழ்ந்தது நாங்கள்.

4. பொருத்தம். 15 அங்குலம் என்று எல்லோரும் போட்டாலும் வளையத்தின் அகலமும் திருகு ஓட்டைகளும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். சிலவற்றில் நான்கு ஓட்டை, சிலவற்றில் எட்டு. ஆழம் முக்கியம். காந்தம் பெரிதாக இருந்தால் ஆம்ப்ளிஃபயரின் டிரான்ஸ்ஃபார்மரிலோ பின்பலகையிலோ முட்டும். பழைய ஸ்பீக்கரையே கடைக்குக் கொண்டுவரச் சொல்லி அதன் மேல் வைத்துப் பார்ப்பது நல்லது.

5. ப்ளஸ், மைனஸ். இரண்டு ஸ்பீக்கரில் ஒன்றை மட்டும் மாற்றும்போது இரண்டு கோனும் ஒரே திசையில் அசைய வேண்டும். இல்லையேல் ஒன்றன் ஒலியை மற்றது தின்றுவிடும். 1.5 வோல்ட் பேட்டரியின் ப்ளஸ்ஸை சிவப்பு முனையில் ஒரு கணம் தொட்டால் கோன் முன்னே வர வேண்டும். பழைய ஜே.பி.எல். ஸ்பீக்கர்களில் மட்டும் பின்னே போகும். அது பழுதல்ல, அந்தக் கம்பெனியின் பழைய வழக்கம். புதியதோடு சேர்க்கும்போது ஒயரை மாற்றிக் கொடுத்தால் போதும்.

6. ஸ்பீக்கர் ஏன் போனது? இதைக் கேட்காமல் புதியதை மாட்டக் கூடாது. டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயரில் அவுட்புட் பழுதானால் ஸ்பீக்கர் முனையில் டி.சி. மின்சாரம் வந்து நிற்கும். அதில் புதிய ஸ்பீக்கரைக் கொடுத்தால் அதுவும் சில நொடிகளில் கருகும், வாடிக்கையாளர் நம் சரக்கைத்தான் குறை சொல்வார். ஸ்பீக்கரைக் கழற்றி, முனைகளில் மீட்டரை டி.சி.யில் வைத்தால் ஏறக்குறைய சைபர் காட்ட வேண்டும். ஒரு வோல்ட் காட்டினாலும் முதலில் மெக்கானிக்கிடம் அனுப்புங்கள். அமெரிக்க ஆம்ப்ளிஃபயர் 120 வோல்ட்டுக்கானது என்பதையும் மறக்க வேண்டாம். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறதா, அதன் திறன் போதுமா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

காந்தமும் விலையும்

ஸ்டீல் கிடார்காரர்கள் தலைமுறை தலைமுறையாகப் போற்றியது ஜே.பி.எல். நிறுவனத்தின் டி130 என்ற 15 அங்குல ஸ்பீக்கர். ஜேம்ஸ் லான்சிங் 1940களின் பிற்பகுதியில் கொண்டுவந்தது. நான்கு அங்குல வாய்ஸ் காயில், நடுவில் அலுமினியக் குமிழ், அல்நிகோ காந்தம். அலுமினியம், நிக்கல், கோபால்ட் சேர்ந்ததால் அல்நிகோ என்று பெயர். ஃபெண்டர் ஆம்ப்ளிஃபயருக்கென்று டி130எஃப், பிறகு அதிக வாட் தாங்கும் கே130 என்று அந்தக் குடும்பம் வளர்ந்தது.

1978இல் ஆப்பிரிக்காவில் அன்றைய ஜயர் நாட்டின் ஷாபா மாகாணத்தில் சண்டை மூண்டது. கோபால்ட் பெருமளவு அங்கிருந்துதான் வந்துகொண்டிருந்தது. விலை பல மடங்கு ஏறியது. ஸ்பீக்கர் கம்பெனிகள் ஒவ்வொன்றாக அல்நிகோவை விட்டு ஃபெரைட் காந்தத்துக்கு மாறின. ஃபெரைட் மலிவு, ஆனால் கனம் அதிகம். 15 அங்குல ஸ்பீக்கர் ஏழெட்டு கிலோ வரை வந்துவிடும். 1980களில் நியோடிமியம் காந்தம் வந்தது. சிறிய காந்தத்தில் பெரிய வலு. அதே ஸ்பீக்கர் மூன்று நான்கு கிலோவில் முடிந்துவிடும். 2010இல் சீனா அருமண் உலோகங்களின் ஏற்றுமதி அளவைக் குறைத்தபோது, அடுத்த ஆண்டே நியோடிமியம் விலை விண்ணைத் தொட்டுப் பிறகு இறங்கியது. எங்கோ ஒரு சுரங்கத்தில் நடப்பது நம் கடைப் பெட்டியின் விலைச்சீட்டில் வந்து உட்காருகிறது என்பதற்கு இவ்விரண்டும் நல்ல உதாரணங்கள்.

வாடிக்கையாளருக்கு என்ன சொல்வது? வயதானவர், ஆம்ப்ளிஃபயரைத் தாமே தூக்கிச் செல்பவர் என்றால் நியோடிமியத்துக்குக் கூடுதல் விலை கொடுப்பதில் பொருள் உண்டு. ஒரே இடத்தில் வைத்து வாசிப்பவருக்கு ஃபெரைட் போதும்.

புதியதா, பழுது பார்ப்பதா?

கோன் கிழிந்தாலோ காயில் கருகினாலோ ஸ்பீக்கர் செத்துவிட்டது என்று பொருளல்ல. வளையமும் காந்தமும் நன்றாக இருந்தால், சரியான கோனும் காயிலும் போட்டு ரீகோன் செய்யலாம். கைக்குக் கிடைத்த கோனை ஒட்டினால் அது வேறு ஸ்பீக்கர் ஆகிவிடும், கவனம். பீவியின் பிளாக் விடோ ஸ்பீக்கரில் காந்தத்திலிருந்து கூடையைத் திருகிக் கழற்றி, காயிலும் கோனும் சேர்ந்த புதிய கூடையை மாட்டிவிடும்படி செய்திருக்கிறார்கள். கிடைத்தால் அதுவே சிக்கனம். புதிதாகவே வேண்டுமென்றால், அமெரிக்காவின் எமினென்ஸ் நிறுவனம் இ.பி.எஸ். என்ற பெயரில் 12, 15 அங்குலங்களில் பெடல் ஸ்டீலுக்கென்றே ஸ்பீக்கர் செய்திருக்கிறது. வரவழைப்பதில் நாளும் சுங்கமும் சேரும் என்பதை முன்னதாகவே சொல்லிவிடுங்கள். எதைச் செய்தாலும் பழைய ஸ்பீக்கரை உடையவரிடமே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். பழைய டி130இன் காந்தத்துக்கும் வளையத்துக்கும் நல்ல விலை உண்டு. தெரியாதவரிடமிருந்து அதைப் "பழசு எதற்கு?" என்று வாங்கி வைத்துக்கொள்வது வியாபாரம் ஆகாது.

அவசரத்துக்கு என்ன செய்வது? இங்கேதான் எங்கள் கதையின் கசப்பான பகுதி இருக்கிறது. அந்த நவம்பரில் எங்கள் குடோனில் 15 அங்குல மேடை ஒலிபெருக்கி ஸ்பீக்கர் ஒன்று இருந்தது. 8 ஓம், 300 வாட், 98 டெசிபல், மேல் ஒலியும் போதிய அளவு தரக்கூடியது. பெரியவருடையது டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர், ஆகவே 8 ஓம் போட்டால் எந்த ஆபத்தும் இல்லை. ஓம் கூடியதால் இரண்டரை டெசிபல், ஸ்பீக்கரால் இரண்டு டெசிபல், ஆக நாலரை டெசிபல்தான் குறைந்திருக்கும். கிறிஸ்துமஸ் நடந்திருக்கும். கேட்ட எண்ணோடு பொருந்தாத ஸ்பீக்கர் வேலைக்குப் பொருந்தியது. எண்ணோடு பொருந்தியது வேலைக்குப் பொருந்தவில்லை. "எதற்கு தம்பி?" என்று இரண்டு வார்த்தை கேட்டிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

ஜனவரியில் அந்த 8 ஓம் ஸ்பீக்கரை விலையில்லாமல் கொடுத்து மாட்டச் செய்தோம். சப்-ஊஃபரைத் திரும்ப எடுத்துக்கொண்டு, சில்லறை வியாபாரிக்கு முழுத் தொகையும் வரவு வைத்தோம். பெரியவரின் தம்பி மூலம் சரியான உதிரி பாகம் வந்து, ஈஸ்டருக்கு அவருடைய பழைய ஸ்பீக்கரே மீண்டும் பாடியது. ஆனால் போன டிசம்பரை எந்த வரவுச் சிட்டையிலும் எழுத முடியவில்லை.

கேள்விச் சீட்டு

அதற்குப் பிறகு எங்கள் கடையில் போன் அருகே ஒரு சீட்டு ஒட்டி வைத்திருக்கிறோம். ஸ்பீக்கர் என்று யார் கேட்டாலும் சிப்பந்திகள் இதைக் கேட்டு எழுதிய பிறகே குடோனுக்குப் போக வேண்டும்.

எந்த வாத்தியத்துக்கு, அல்லது எந்த வேலைக்கு?
ஆம்ப்ளிஃபயர் எது? வால்வா, டிரான்சிஸ்டரா? பின்பக்கம் எத்தனை ஓம், எத்தனை வாட் என்று எழுதியிருக்கிறது?
ஸ்பீக்கர் ஒன்றா, இரண்டா? பெட்டி பின்புறம் திறந்ததா, மூடியதா?
பழைய ஸ்பீக்கரின் பெயரும் எண்ணும் என்ன? ஏன் போனது?
எந்தத் தேதிக்கு வேண்டும்?

ஐந்து வரிதான். கேட்பதற்கு மூன்று நிமிடம்கூட ஆகாது. சில்லறை வியாபாரிக்குப் பதில் தெரியவில்லை என்றால், வாடிக்கையாளரிடம் கேட்டுச் சொல்லச் சொல்கிறோம். இதனால் ஓர் ஆர்டர் கூடப் போகவில்லை. திரும்பி வரும் சரக்குதான் குறைந்திருக்கிறது.

சட்டமும் இதையே சொல்கிறது

1930ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16ஆம் பிரிவை அன்பர்கள் ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும். வாங்குபவர் இன்ன காரியத்துக்கு என்று தெரிவித்து, விற்பவரின் திறமையை நம்பி வாங்கினால், அந்தச் சரக்கை விற்பதே விற்பவரின் தொழிலாக இருக்கும்போது, அது அந்தக் காரியத்துக்குத் தக்கதாக இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். குறிப்பிட்ட வியாபாரப் பெயரைச் சொல்லியே ஒருவர் கேட்டு வாங்கினால் அதற்கு விலக்கு உண்டு. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள சரக்கைத் திரும்பப் பெற மறுப்பது முறையற்ற வணிகப் பழக்கம். பில்லில் காலம் குறிப்பிடாவிட்டால் முப்பது நாள் கணக்கு. ஆகவே பில்லின் அடியில் அச்சிட்ட ஒரு வரி நம்மைக் காப்பாற்றும் என்று நம்பி இருக்க வேண்டாம்.

"அப்படியானால் காரியத்தைக் கேட்காமலே விற்றுவிட்டால் பொறுப்பு வராதே" என்று சிலர் நினைக்கலாம். சட்டத்துக்கு அது போதுமாக இருக்கலாம், கடைக்குப் போதாது. பெரியவர் எங்கள் மேல் வழக்குப் போடவில்லை. வீட்டுக்குப் போகாமல் இருந்திருந்தால், அவருக்கு நேர்ந்தது எங்களுக்குத் தெரிந்திருக்கவே தெரியாது. தெரியாமலே போகும் இந்த நஷ்டம்தான் வியாபாரத்தில் பெரிய நஷ்டம்.

அன்பர்கள் தத்தம் சரக்குக்கு ஏற்ப இப்படி ஒரு கேள்விச் சீட்டு எழுதிக்கொள்ள வேண்டுகிறோம். பெயின்ட் விற்பவர் சுவர் உள்ளா, வெளியா என்று கேட்கட்டும். மோட்டார் விற்பவர் கிணற்றின் ஆழம் கேட்கட்டும். அரிசி விற்பவர் சாதத்துக்கா, இட்லிக்கா என்று கேட்கட்டும். கேட்பவர் எண்ணைச் சொல்லுவார், நாம்தான் வேலையைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.